கண்ணை மூடிப் பாடிய ஏழு நிமிடம்

மேடையில் பாடுகிற தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அறிவுரை சொல்ல வராது, திட்டத்தான் வரும். இருபத்தேழு வருஷம் வில்லியனூர், பாகூர் பக்கம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதச் செடல் திருவிழா என்று மெல்லிசைக் குழு வைத்துப் பாடியவள் நான். மைக் சரியில்லை, சாப்பாடு வரவில்லை, டிரம்ஸ்காரர் வரவில்லை என்று தினமும் யாரையாவது திட்டித்தான் குழுவை ஓட்டினேன். ஆகவே நடுநடுவே குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பாடகர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே வாக்குவாதம். பாட்டுத் தொழிலில் மேலே வர ஒரு கோச் வைத்துக்கொள்வதா, வேண்டாமா? வைத்தால் சிங்கப்பூர் மேடை நிச்சயம் என்கிறார் ஒருவர். சுத்த ஏமாற்று வேலை என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே வைத்துப் பார்த்தவர்கள் இல்லை. வைத்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான், அதுவும் ஓய்வு பெறுகிற வயதில். இரண்டு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

கோச் என்றால் பாட்டு வாத்தியார் இல்லை. சுருதி விலகினால் வாத்தியார் தலையில் குட்டுவார். கோச் சுருதிப் பக்கமே போக மாட்டார். நீ யார், உன்னை ஊருக்கு எப்படிக் காட்டுவது, எப்படி நின்றால் எப்படித் தெரிவாய் என்று சொல்லித் தருகிறவர் அவர்.

நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். உறுவையாற்றில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவின் கல்யாணத்துக்கு நான் பாடியிருக்கிறேன், அவர் மகனின் காதுகுத்துக்கும் பாடியிருக்கிறேன். மகள் பெரியவளானபோது அவர்கள் தவளக்குப்பத்திலிருந்து டிஜே வைத்துவிட்டார்கள். விஷயமே தெரியாமல் மாம்பழம் வாங்கப் போன நான், தெருமுனையில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நெஞ்சே அதிர்ந்தது. சத்தத்தாலும் அதிர்ந்தது, வயிற்றெரிச்சலாலும் அதிர்ந்தது. மாம்பழம் வாங்காமலே வீட்டுக்கு வந்து அழுதேன். அன்று மத்தியானமே கைப்பேசியில் ஒரு கோச்சிங் விளம்பரத்தில் ஒரு தம்பி வந்து, "உங்க திறமைக்கு ஏத்த இடம் உங்களுக்குக் கெடைச்சிருக்கா?" என்று நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இல்லை தம்பி, கிடைக்கவே இல்லை என்று கைப்பேசிக்கே பதில் சொல்லிவிட்டேன்.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் ஜமால் பாய். பகலில் வில்லியனூரில் பாத்திரக்கடை, விசேஷ நாளில் கீபோர்டு. அந்தத் தம்பியின் வகுப்பில் சேரலாமா என்று அவரிடம் யோசனை கேட்டேன்.

"யக்கா, உனக்கு வயசாயிடுச்சின்னு சொல்ல ஒரு ஆளு வேணும்னா நானே சொல்றேன். இதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ்லேருந்து ஆளு?" என்றார்.

அந்தக் கோபத்திலேயே சேர்ந்துவிட்டேன். இப்படித்தான் முடிவு எடுத்தேன் என்பதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். பாதி பொறாமை, பாதி கோபம். யோசனை என்று ஒன்று நடுவில் வரவே இல்லை. கட்டணம் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.

கோச்சுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வீடியோவில்தான் வகுப்பு. மரியாதையான பிள்ளை. முதல் வகுப்பிலேயே, "நீங்க பாட்டுக்காரம்மா இல்ல, ஆர்ட்டிஸ்ட்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் ஒரு பிராண்ட்' என்று இருபது முறை சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். பல் விளக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா பிராண்டு? அரிசியா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பயிற்சியை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டேன்.

மூச்சுப் பயிற்சி ஒன்று சொல்லித் தந்தார். அது மட்டும் தங்கம், இன்றைக்கும் செய்கிறேன். மற்றபடி அவர் போட்ட சட்டங்கள் மூன்று. பாட்டு வரிசையை முந்தின நாளே முடிவு செய்துவிட வேண்டும், மேடையில் மாற்றக் கூடாது. யார் வந்தாலும் போனாலும் பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது. பாடும்போது கண்ணை மூடி உள்ளே போய்விட வேண்டும், வெளியிலிருந்து என்ன தொந்தரவு வந்தாலும் அசையக் கூடாது. உள்ளே போவதற்கு வசதியாக, காதுக்குள் செருகிக்கொள்ளும் மானிட்டர் ஒன்றையும் வாங்க வைத்தார். அதைப் போட்டால் நம் குரலும் நம் வாத்தியமும் மட்டும்தான் கேட்கும், உலகம் கேட்காது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். காதுகுத்தில் தாய்மாமன் சீர்வரிசையோடு மண்டப வாசலுக்கு வந்துவிட்டால், ஓடுகிற பாட்டை அங்கேயே அறுத்துவிட்டு மாமன் பேரை மைக்கில் சொல்லி, மாமன் பாட்டு ஒன்றை எடுப்போம். அந்தப் பாட்டுதான் எல்லோருக்கும் சிக்னல். அது கேட்ட பிறகுதான் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வாசலுக்கு ஓடுவார்கள். ஆரத்தி எடுக்கும்வரை மாமன் வாசற்படி தாண்ட மாட்டார். இதைக் கோச்சிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "பெரிய கச்சேரியில யாரோட மாமாவாவது வந்தா பாட்டை நிறுத்துவாங்களாக்கா?" என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. பெரிய கச்சேரியில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்த மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தனலட்சுமி என்னைத் தேடி வந்தாள். பாகூர்க்காரி. இரண்டாவது குழந்தை, பெண், அதற்குக் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை காலை, பாகூரில் ஏசி மண்டபம். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுடைய ஒரே அண்ணன் கலியபெருமாள். உறுவையாற்றில் கரும்பு போடுகிறவர். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் பேனர். மூத்த பிள்ளையின் காதுகுத்துக்கு வைத்த பேனரில் எம்.எல்.ஏ. படம் இருந்தது, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இருந்தது, தாய்மாமன் படம் மட்டும் இல்லை. வாசலில் நின்று பேனரை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, சீர்வரிசையோடு அப்படியே திரும்பிப் போனவர்தான். மூத்தவனுக்குப் பங்காளி வீட்டு ஆள் ஒருவர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். பேனர் கடைக்காரன் செய்த தப்பு என்று தனலட்சுமி ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அண்ணன் நம்பவில்லை.

"இந்த வாட்டி பேனர்ல பாதி அவன் மூஞ்சிதான் யக்கா. எங்க வூட்டுக்காரரு போயி தாம்பாளத்துல பத்திரிகை வெச்சாரு. வாயத் தொறக்கல, ஆனா தாம்பாளத்த வாங்கிக்கினான். வருவான்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம் இன்னா?"

"நான் அவன்கிட்ட மொதல்ல பேச மாட்டேன். அவனும் பேச மாட்டான். ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. அதனால நீதான் பேசணும் யக்கா."

அவள் கேட்டது ஒரு பாட்டு. சின்ன வயதில் அண்ணன் சைக்கிளில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும்போது, வழியெல்லாம் பாடி அவளைக் கிண்டல் செய்த பாட்டாம். மாமன் வாசலில் கால் வைத்ததும் நான் அதைப் பாட வேண்டும். கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும், உள்ளே வந்துவிடுவார். இந்தப் பிள்ளையாவது மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. பாடிவிடுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பினேன்.

மறக்கவில்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள். பத்திரிகையில் பதினொரு மணிக்குச் சீர்வரிசை என்று போட்டிருந்தது. பாட்டு வரிசையில் பதினொரு மணிக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் கோச்சுக்கும் அனுப்பினேன். சபாஷ் என்றார். ஆறு வருஷம் வராத மனிதர் இருபது நிமிஷம் முன்னதாக வந்து நிற்பார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஆசையாக வருகிறவர்கள் நேரம் பார்த்தா வருவார்கள்?

பத்து நாற்பதுக்கு நான் பாட ஆரம்பித்தது ஓர் ஊடல் பாட்டு. 'வராதே, என் வாசல் மிதிக்காதே' என்று நாயகி கோபித்துக்கொள்கிற மாதிரி பொருள் வரும். நாலு நிமிஷப் பாட்டு. கோச் சொன்னபடி நடுவில் ஆலாபனை எல்லாம் சேர்த்து ஏழு நிமிஷமாக நீட்டி வைத்திருந்தேன். நான் கண் திறக்கும்வரை வாசிப்பை நிறுத்தக் கூடாது என்று குழுவுக்கு உத்தரவு. காதில் மானிட்டர். கண் மூடியாயிற்று. உள்ளே போய்விட்டேன்.

அந்த ஏழு நிமிஷத்தில் வெளியே நடந்ததை ஜமால் பாய் பிறகு சொன்னார். டிராக்டர் வந்து நின்றது. பேண்டு வாத்தியம், சரவெடி. கண்ணாடிக் கதவு சாத்திய ஏசி மண்டபம், உள்ளே எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளின் சத்தம். மேடையிலிருந்து நேரே வாசலைப் பார்க்கிற பாயைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. ஆரத்திப் பெண்கள் கையில் தட்டோடு, பாட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். தனலட்சுமி அறைக்குள் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் தலையில் சீர்த்தட்டோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். உள்ளேயிருந்து நான் வராதே, வராதே என்று பாடிக்கொண்டிருக்கிறேன்.

பாய் கத்தியிருக்கிறார். காதில் விழவில்லை. ரிதம் பேடு வாசிக்கிற குமாரை அனுப்பி என் முந்தானையை இழுக்கச் சொல்லியிருக்கிறார். யாரோ இழுப்பது எனக்குத் தெரிந்தது. தொந்தரவு வரும், அசையாதீர்கள் என்று கோச் சொன்னது அப்போது சரியாக ஞாபகம் வந்தது. கையாலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். குமார் கன்னத்தைத் தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தானாம். டிராக்டர் திரும்புவதைப் பார்த்து யாரோ கத்திய பிறகுதான் மற்றவர்கள் வாசலுக்கு ஓடினார்களாம்.

கடைசி வரியை இழுத்து முடித்து, கைதட்டலை எதிர்பார்த்துக் கண்ணைத் திறந்தேன். நாற்காலிகள் பாதி காலி. எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் பக்கம் நிற்கிறார்கள். சாப்பாடு போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

காதிலிருந்ததைப் பிடுங்கினேன். அப்புறம்தான் உலகம் கேட்டது. மாமன் திரும்பிப் போய்விட்டார். தனலட்சுமியின் வீட்டுக்காரர் பைக்கில் தெருமுனைவரை பின்னாலேயே போய்க் கூப்பிட்டும் டிராக்டர் நிற்கவில்லையாம். போனவர் திரும்பி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். காது குத்துகிற நல்ல நேரம் பன்னிரண்டு மணி வரைதான்.

தனலட்சுமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"உன்னத்தான யக்கா நம்புனேன்" என்றாள். அவ்வளவுதான்.

 அந்த நேரத்தில் மேடை ஓரம் நிறுத்தி வைத்திருந்த என் கைப்பேசி மின்னியது. கோச் மெட்ராஸிலிருந்து அதன் வழியாக நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார். 'சூப்பர் அக்கா! கண்ணைத் திறக்கவே இல்லை! இதேதான்!' என்று செய்தி, பக்கத்தில் மூன்று நெருப்பு. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நெருக்கடியில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தர முடியாது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த மனிதர் நம்மிடம் வர மாட்டார், நாம்தான் போக வேண்டும். அவர் காதுக்குப் பாட்டு போய்ச் சேர வேண்டும்.

"பாய், ரெண்டு பொட்டி, மிக்ஸர், கீபோர்டு, ஜெனரேட்டர். எல்லாத்தயும் டாடா ஏஸ்ல ஏத்து."

"யக்கா, இன்னா வெளையாடறியா? கால்ல வுழுந்து கூப்டா வர்ற ஆளு, கச்சேரிக்கு வருவாரா?"

"கால்ல வுழறதுக்கு அவுரு வண்டி நிக்கணுமே. ஏத்து பாய்!"

பத்து நிமிஷத்தில் ஏற்றினோம். பாயும் குமாரும் பின்னால், நான் மைக்கோடு பின்னால். வண்டி கிளம்பும்போது தனலட்சுமி குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் பட்டுப்புடவையோடு ஏறிக்கொண்டாள். 

நல்ல வேளை, டிராக்டர் என்ன வேகத்தில் போய்விடும்? கரிக்கலாம்பாக்கத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற இடத்தில் பிடித்துவிட்டோம். பின்னால் தொங்குகிற வாழைத்தாரும், வரிசையாகத் தாம்பாளங்களும், நடுவில் நாற்காலி போட்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற கலியபெருமாளும் தெரிந்தார்கள். பாய் கீபோர்டில் எடுத்துக் கொடுத்தார். நான் பாட ஆரம்பித்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயத்தில் குரல் வரவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பாட்டை எத்தனை முறை பாடியிருப்பேன்!  வந்த கொஞ்சத்தையும் டிராக்டர் சத்தம் தின்றுவிட்டது. முதுகு அசையவில்லை. இரண்டாம் வரியில் சுருதியும் போய்விட்டது.

தனலட்சுமி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ண்ணா!" என்றாள். அவசரத்தில் பாய் எக்கோவைக் குறைக்கவில்லை. ண்ணா, ண்ணா, ண்ணா என்று கரும்புத் தோட்டம் முழுக்கப் போனது. களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நில்லுண்ணா! பேனர்க்காரன் மேல தப்பு இல்லண்ணா! நாந்தான் உன் போட்டோவ எடுக்கச் சொன்னேன்! நான் மாசமா இருந்தப்ப நீ ஒரு வாட்டிகூட வந்து பாக்கல, அந்தக் கோவத்துல எடுக்கச் சொன்னேன்! ஆறு வருஷமா பொய் சொல்லிக்கினு கீறேண்ணா! நீ வராம என் பொண்ணுக்குக் காது குத்த மாட்டேன்! மூளியாவே வளரட்டும்!"

வளரட்டும், வளரட்டும் என்று அது நாலு தடவை திரும்ப வந்தது. எனக்கே வாய் பிளந்துவிட்டது. பாய் கை கீபோர்டு மேலேயே நின்றுவிட்டது.

டிராக்டர் நின்றது. கலியபெருமாள் இறங்கி வந்தார். அழுத முகம். துண்டால் துடைத்துக்கொண்டு தங்கை முன்னால் நின்றார்.

"மொதல்ல அந்த மைக்க ஆஃப் பண்ணுடி. களை எடுக்கற ஆளுங்கல்லாம் கேக்கறாங்கோ."

பாய் ஆஃப் செய்தார்.

"நீ மாசமா இருந்தப்ப கரும்பு வெட்டு. வர முடியல. அத வந்து சொல்லியிருக்கணும் நானு. சொல்லல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தப் போட்டோல நான் நல்லாவே இருக்க மாட்டேன், வுடு" என்றார்.

தனலட்சுமி வண்டியிலிருந்து குதித்து அவர் தோளில் நாலு அடி அடித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். வேறு வேலை எனக்கு அங்கே இல்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் மாமன் பாட்டு வேண்டுமா என்று ஜாடையில் கேட்டேன். வேண்டாம் என்று தனலட்சுமி தலையாட்டினாள். தங்கையே ஆரத்தித் தட்டை வாங்கி எடுத்தாள். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் வழக்கமாக நாங்கள் குழந்தையின் அழுகை கேட்காதபடி ஒரு துள்ளல் பாட்டு வாசிப்போம். அன்றைக்கு யாரும் வாத்தியத்தைத் தொடவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. அதைவிடச் சத்தமாக மாமன் அழுதார். தனலட்சுமி அழுதுகொண்டே இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். நான் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கோச் கூப்பிட்டார். நேரலை ஏன் பாதியில் நின்றது, அந்த ஏழு நிமிஷத்தைத் தனியாக வெட்டி இணையத்தில் போடலாமா என்று ஆரம்பித்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். இடையில் கொஞ்சம் திட்டவும் செய்தேன். டிராக்டரை விரட்டிக்கொண்டு போன இடம்வரை சொல்லிவிட்டு, வந்த ஆத்திரத்தில், "இனிமே கிளாஸ் வேணாம் தம்பி, வெச்சிடறேன்" என்றேன்.

நிறுத்துகிற பொத்தான் மேல் விரலையும் வைத்துவிட்டேன். 

"அக்கா, வெச்சிடாதீங்க. அந்த அண்ணன் வந்தாரா?" என்றார்.

ஆறு வாரம் அவரிடம் படித்திருக்கிறேன். என் உடை, என் குரல், என் பெயர், என் படம் என்று ஆயிரம் கேட்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்து கேட்கிறவர்களைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். நானும் அந்த ஆறு வாரத்தில் அப்படி ஒன்றைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

"வந்தாரு தம்பி" என்று மீதிக் கதையையும் சொன்னேன். குழந்தை அழுததைச் சொன்னபோது அவர் குரலும் மாறிவிட்டது.

ஆகவே, கோச் வைக்கலாமா என்று கேட்டவர்களே, தாராளமாக வையுங்கள். ஆனால் அந்தக் கேள்வியை முதல் வகுப்பிலேயே கேட்கிற ஆளாகப் பார்த்து வையுங்கள்.